கிளிப்பச்சை

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. எள்ளுக் கொழுக்கட்டைக்குள் கடுகு கிடந்தது. பிள்ளையார் பெரிய மனசுக்காரர், ஒன்றும் சொல்லவில்லை. நான் சொன்னேன்.

"தின்னா தின்னுங்க, இல்லன்னா வச்சிட்டுப் போங்க" என்றாள் செண்பகம்.

தின்றேன். கடுகும் ஒன்றும் மோசமில்லை.

இது டயர் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. முதல் பக்கத்தில் 'ஆவுடையப்பன், ஹெட் மெக்கானிக் (ஓய்வு), பாளையங்கோட்டை' என்று எழுதியதோடு ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. ரிட்டயர் ஆனவனுக்கு எழுத என்ன இருக்கிறது? காலையில் தண்ணீர் மோட்டார் போட்டேன், தொட்டி நிறைந்ததும் நிறுத்தினேன் என்றா எழுதுவது? ஆனால் இப்போது வீட்டில் ஒரு காரியம் நடக்கிறது. அதை எங்காவது குறித்து வைக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. என் மனைவி கண்ணாடிக்குச் சாயம் பூசுகிறாள்.

மகள் கோமு ஓசூரிலிருந்து போன தடவை வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே சின்னச் சின்னப் பாட்டில்களில் சாயம், ஒரு கறுப்பு ட்யூப். "எம்மா, நீ இப்பல்லாம் பேப்பரும் படிக்க மாட்டேங்க, டீவியும் பாக்க மாட்டேங்க. இதையாவது செஞ்சு பாரு" என்றாள். செண்பகம் முதலில் காபித்தூள் பாட்டிலில் ஒரு பூப் போட்டாள். அப்புறம் அரிக்கேன் விளக்கின் சிம்னி. அப்புறம் என் ஷேவிங் டம்ளர். அதைக் கேட்காமலேயே எடுத்துவிட்டாள். திரும்பி வந்தபோது அதில் மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. சோப்பு நுரையை அதில் கரைக்க எனக்கு மனசு வரவில்லை. டம்ளர் இப்போது ஷோகேஸில் இருக்கிறது. நான் பிளாஸ்டிக் கப்பில் ஷேவ் செய்கிறேன்.

செப்டம்பர் 21, வியாழன்

இன்று பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். எங்கள் ஒர்க்‌ஷாப் ஒழுங்கு அத்தனையும் இந்த வேலையில் இருக்கிறது. முதலில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் கண்ணாடியைத் துடைக்க வேண்டும். கைப்பிசுக்கு பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, கறுப்பு ட்யூபைப் பிதுக்கி, தெரிகிற கோட்டின் மேலேயே கோடு இழுக்க வேண்டும். காய்ந்தால் அது வயல் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும். அந்த வரப்புக்குள் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பரத்த வேண்டும். வரப்பு எங்காவது விட்டுப்போயிருந்தால் ஒரு நிறம் அடுத்த நிறத்துக்குள் ஓடிவிடும். காயும் வரை கண்ணாடி படுத்தே கிடக்க வேண்டும். காய்ந்த பிறகு வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் சர்ச் ஜன்னல் தோற்றுப்போகும்.

இதில் செண்பகத்தின் கைவரிசை ஒன்று உண்டு. சாயம் விடுவதற்கு முன்னால் வரப்பு முழுவதையும் ஆள்காட்டி விரலால் தடவிப் பார்க்கிறாள். சாயம் விடும்போதும் இடது கை விரல் வரப்பின் மேலேயே இருக்கிறது. இன்ஜின் ஹெட்டை மூடும் முன் நானும் இப்படித்தான் தடவுவேன். கண்ணை நம்பாதீங்கலே, விரலை நம்புங்க என்று பஸ் டிப்போவில் பையன்களிடம் கத்துவேன். இவளுக்கு யார் கத்தினார்கள்? தானாகவே கண்டுபிடித்திருக்கிறாள்.

அதுவும் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு. சின்ன வயதில் அவள் அண்ணன் அடித்த கிட்டிப்புள் இடது கண்ணில் பட்டு, அந்தக் கண் அப்போதே போய்விட்டது. பெண் பார்க்கப் போனபோதே சொல்லிவிட்டார்கள். மிச்சமிருக்கும் வலது கண்ணால் அவள் செய்கிற வேலையைப் பார்த்தால், இரண்டு கண்ணும் உள்ளவன் வெட்கப்பட வேண்டும்.

செப்டம்பர் 27, புதன்

நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சாயப் பாட்டில்கள் ஜன்னல் கட்டையில் வரிசையாக இருக்கும். சிவப்பு, மஞ்சள், இலைப்பச்சை, கிளிப்பச்சை, நீலம், காவி. நான் மஞ்சளை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கடைசியில் வைத்துவிட்டேன். காவியை எடுக்க வந்தவள் கையில் மஞ்சள் போய்விட்டது.

"பாட்டில யாரு தொட்டா?"

"இந்த வீட்ல வேற யாரு இருக்கா? நான்தான்."

"அது அது இருக்க எடத்துல இருக்கணும். உங்க ஸ்பேனர நான் மாத்தி வச்சா நீங்க சும்மா இருப்பியளா?"

நியாயமான கேள்வி. ஸ்பேனர் விஷயத்தில் நான் யாரையும் சும்மா விட்டதில்லை. எனக்கு உள்ளூரப் பெருமைதான். வேலை தெரிந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

அக்டோபர் 2, திங்கள்

எனக்குப் பதவி உயர்வு.

"ஏங்க, இந்தக் கறுப்புக் கோட்ட நீங்க போடுங்களேன். உங்க கை நல்ல கையி" என்றாள். நான் ட்யூபை வாங்கிப் பிதுக்கினேன். இது என்ன பெரிய வித்தையா? ஆயுசு முழுக்க இன்ஜின் மூடிகளில் கேஸ்கட் பேஸ்ட் பிதுக்கியவன். ஒரே சீராக, திட்டும் இல்லாமல் இடைவெளியும் இல்லாமல் ஒரு தாமரை போட்டு முடித்தேன். அது காய்ந்த பிறகு அவள் விரலால் தடவிப் பார்த்து, "அப்பிடியே தண்டவாளம் மாதிரி இருக்கு" என்றாள்.

இத்தனை வருஷத்தில் என் கையை அவள் பாராட்டியது இதுதான் முதல் தடவை. இனிமேல் எல்லாக் கோடும் நான்தான் என்று முடிவாகிவிட்டது.

அக்டோபர் 8, ஞாயிறு

வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருக்கிறாள். குனிந்தால் இடுப்பு வலிக்கிறதாம். சரிதான், வயசாகிறது.

அக்டோபர் 15, ஞாயிறு

பழைய அலமாரிக் கதவின் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். ஹால் ஜன்னலில் தொங்கவிடப் பெரிய படம் போடப் போகிறோம். மாதுளைக் கிளையில் ஒரு கிளி. வானம், இலை, பழம், கிளி. போனில் இருந்த ஒரு படத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்து வந்தேன்.

நான் கோடு போட, அவள் உத்தரவு போட்டாள். "மூக்கு நல்லா வளையணும். வாலு நீளமா வரணும், கிளிக்கு வாலுதான் அம்சம்." போட்டு முடித்துக் காய்ந்த பிறகு தடவினாள். கழுத்துப் பக்கம் வந்ததும் விரல் நின்றது. "இங்க விட்டுப்போச்சு." குனிந்து பார்த்தேன். ஒரு மயிரிழை இடைவெளி. என் கண்ணுக்கே தெரியாததை விரலால் பிடித்துவிட்டாள். டிப்போவில் இவள் இருந்திருந்தால் ஒரு வண்டியிலும் ஆயில் ஒழுகியிருக்காது.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. என் பண்டிகை.

விடிந்ததும் ஸ்பேனர் செட், சுத்தியல், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அப்போதுதான் தோன்றியது. இந்த வருஷம் வீட்டில் இன்னொரு தொழிலாளியும் இருக்கிறாளே. செண்பகம் குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய பாட்டில்களைக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றிலும் சாயப் பிசுக்கு. கழுத்தில் ஒன்றுக்கு ரப்பர் பாண்ட், ஒன்றுக்கு நூல், ஒன்றுக்கு இரண்டு முடிச்சு என்று கண்ட கண்ட குப்பையெல்லாம் சுற்றிக் கிடந்தது. அத்தனையையும் அறுத்துப் போட்டுவிட்டு, பளபளவென்று துடைத்து, மூடிக்கு மூடி சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி முன்னால் நிறுத்தினேன். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

தலை துவட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

"இதுல கெடந்த ரப்பர் பாண்ட எங்க?"

"குப்பையில. பூஜைக்கு அழுக்கோடயா வைக்க முடியும்?"

பாட்டிலைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"வரிசைய மாத்தலியே?"

"மாத்தல. நானும் ஒரு தொழிலாளிதான், தெரியும்."

மாலையில் எடுத்த வரிசையிலேயே திரும்ப வைத்தேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. நல்ல நாள் என்று கிளிக்கு இன்றுதான் சாயம் விட்டாள். நான் ஸ்கூட்டருக்குக் காற்றுப் பிடிக்கப் போய், அங்கே பேச்சு வளர்ந்து, மதியம்தான் வந்தேன். உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

கிளி நீலம். வானம் பச்சை.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கிளியின் பச்சையை எடுத்து வானத்துக்குக் கொடுத்துவிட்டு, வானத்தின் நீலத்தை எடுத்துக் கிளிக்குக் கொடுத்திருக்கிறாள். நடுவில் மாதுளம்பழம் சிவப்பாகத் தொங்குகிறது. கிளி வானத்தில் ஒரு துண்டைக் கிழித்துப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இது யாருக்குத் தோன்றும்? படித்தவனுக்குத் தோன்றுமா, படம் வரையப் பள்ளிக்கூடம் போனவனுக்குத் தோன்றுமா? பருப்பைத் தாளித்துவிட்டு வந்து உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறாள்.

"ஏட்டி செம்பகம், கிளி உசிரோட இருக்குட்டி" என்றேன்.

"சும்மா இருங்க" என்றாள். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

எதிர்வீட்டு ஜெசிந்தா டீச்சரைக் கையோடு கூட்டி வந்து காட்டினேன். டீச்சர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "எக்கா, இந்த மாதிரி ஒரு கிளிய நான் எங்கயும் பாத்ததில்ல. கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்றார்.

அக்டோபர் 25, புதன்

கிளியை ஜன்னலில் தொங்கவிட்டேன். வெயில் அதன் வழியாக வந்து தரையில் விழுந்தது. செண்பகம் பக்கத்தில் வந்து நின்று, விரலால் கிளியின் முதுகைத் தடவினாள்.

"பச்ச நல்லா ஏறியிருக்கா?" என்று கேட்டாள்.

"ஏறியிருக்கு" என்றேன்.

தண்ணீர் மோட்டார் சத்தம் போடுகிறது. பேரிங் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 26, வியாழன்

மோட்டாரைப் பிரித்தேன். பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது. மறுபடி மாட்டினேன்.

அக்டோபர் 28, சனி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

மூடிய பாட்டிலில் கிளிப்பச்சையும் நீலமும் ஒரே கறுப்பாகத்தான் தெரிகிறது. நான் எடுத்த வரிசையில் திரும்ப வைக்கவில்லை. குப்பைக் கூடையில் தேடி ரப்பர் பாண்டையும் நூலையும் எடுத்தேன். எது எதன் கழுத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கடுகு. பேப்பர். ஸ்டிக்கர் கோலம். 'உங்க கை நல்ல கையி.' எல்லாவற்றையும் நான்தான் இந்த டைரியில் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான். இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொல்கிறவன் என்று எனக்குப் பெயர். பெயரைக் கொண்டுபோய்க் குப்பையில் போட வேண்டும்.

ஜெசிந்தா டீச்சரிடம் வாசலில் வைத்துச் சொன்னேன். "டீச்சர், கிளிய எவ்வளவு வேணும்னாலும் புகழுங்க. நெறத்த மட்டும் சொல்லிராதிய." டீச்சருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறிவிட்டது. "நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்றார். தெருவிலிருந்து வந்து பார்க்கிற எல்லோரிடமும் அவரே சொல்லி வைத்துவிட்டார் போலிருக்கிறது. பால்காரர் வந்து, "கிளி ரொம்ப நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அக்டோபர் 30, திங்கள்

எனக்குக் கண் மங்குகிறது, கண் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வா என்று செண்பகத்தைக் கூட்டிப் போனேன். இரண்டு பேருக்கும் சீட்டு எழுதினேன். "எனக்கெதுக்கு?" என்றாள். "ஒரு சீட்டுக்கு ஒரு சீட்டு இலவசம்" என்றேன். நம்பியிருக்க மாட்டாள். ஆனாலும் வந்தாள்.

எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். செண்பகம் கடகடவென்று மேலிருந்து கீழ் வரை படித்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா சின்னப் பெண், கோமு வயசுதான் இருக்கும். ஒரு பட்டனைத் தட்டினார். பலகையில் எல்லா எழுத்தும் மாறிவிட்டது. "இப்ப படிங்கம்மா" என்றார்.

செண்பகம் பழைய எழுத்துகளையே மறுபடியும் கடகடவென்று படித்தாள். வரிசையில் முன்னால் நின்றவர்கள் படித்ததைக் கேட்டு அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை.

நன்றாக முற்றிப்போன கண்புரையாம். இத்தனை நாள் எப்படிச் சமாளித்தார் என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார். வெளிச்சம், நிழல், பெரிய உருவம் தெரியுமாம். நீலமும் பச்சையும் ஒன்றாகத்தான் தெரியுமாம். ஆபரேஷன் செய்தால் பார்வை நன்றாக வர வாய்ப்பு அதிகம், ஆனால் இருப்பது அந்த ஒரு கண்தான் என்பதால் யோசித்துச் சொல்லுங்கள் என்றார்.

என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம். அது எனக்கே தெரியும். பார்க்கத்தான் தெரியவில்லை.

நவம்பர் 1, புதன்

முடியாது என்கிறாள்.

"இப்ப சன்னல் எங்க இருக்குன்னு தெரியுது. நீங்க வாசல்ல வந்து நின்னா நெழல் தெரியுது. அதுவே போதும். அந்தக் கண்ணையும் கீறி, இருக்கதும் போயிட்டுன்னா? அப்புறம் நான் என்ன செய்வேன்?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவிய."

அதைத்தான் செய்தேன். கோமு போனில் அழுகிறாள், அம்மாவைச் சம்மதிக்க வையுங்கள் என்று. சம்மதிக்க வைத்த பிறகு ஏதாவது ஆகிவிட்டால்? அவள் சொல்வதும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. நான் ஒன்றும் வற்புறுத்தவில்லை.

நவம்பர் 5, ஞாயிறு

ஜெசிந்தா டீச்சருக்கான கிளி. கோடு போட்டுவிட்டேன். சாயத்துக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். அவள் கேட்கிற பாட்டிலைத் திறந்து, பிரஷைத் தொட்டு நானே கையில் கொடுப்பேன். அவள் பூசினால் போதும். ஆபரேஷனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். காலம் முழுக்க எடுத்துக் கொடுக்க நான் தயார்.

காலையில் நல்லபடியாகத்தான் போனது. மதியத்துக்கு மேல் அவள் பேசுவது குறைந்துவிட்டது.

நவம்பர் 7, செவ்வாய்

பாதிக் கிளியில் பிரஷைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னட்டி, கை வலிக்கா?"

"பச்சன்னு கேக்கேன். நீங்க ஒண்ண எடுத்துத் தாரிய. அது பச்சதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஜன்னலில் அந்த நீலக்கிளி தொங்கிக்கொண்டிருக்கிறது. யாராவது உளறிவிட்டார்களா? இல்லை. அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

"நான் பொய் சொல்லுவேனா?"

"அதச் சொல்லல. நீங்க எடுத்துத் தந்து, நான் பூசி, நல்லாருக்குன்னு அடுத்தவுக வாயால கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா, அது என் வேலயா? நான் என்ன பெயின்ட் அடிக்க மிசினா? நான் செஞ்சத நான் பாக்கணும். நல்லா இல்லன்னா அதையும் நான்தான் சொல்லணும்."

கையைத் துடைத்துக்கொண்டாள். பிரஷைக் கழுவினாள். அப்புறம், கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வாருங்கள் என்கிற குரலில் சொன்னாள்.

"தீவாளி கழியட்டும். ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

நான் இத்தனை நாள் பார்த்ததிலேயே இதுதான் பெரிய வேலை. கிளி, தாமரை, மீன் எல்லாம் இதற்குப் பிறகுதான். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் "சும்மா இருங்க" என்பாள்.

கிளியின் நிறத்தையும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் மனசு உடைந்துவிடும். ஒருவேளை ஆபரேஷன் சரியாக வராவிட்டால், அவளுக்கு அது கடைசி வரை பச்சைக்கிளியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. நம் வாசலில் வெடி போட வந்தவர்களை எல்லாம் விரட்டினேன். கெட்ட பெயர் வாங்கிக்கொண்டேன். அவள் கண்ணுக்கு ஒரு பொறி கூட வரக் கூடாது.

நவம்பர் 16, வியாழன்

உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். கோமு பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்க்கிற மாதிரி பாவனை செய்கிறாள். நான் எழுதுகிற மாதிரி பாவனை செய்கிறேன்.

உள்ளே போகும் முன் செண்பகம் என் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்து, "ஒண்ணு மாத்திப் போட்டிருக்கிய" என்றாள். பொத்தானைச் சரி செய்துவிட்டுத்தான் போனாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எத்தனையோ இன்ஜினைப் பிரித்திருக்கிறேன். சரியாக வராவிட்டால் மறுபடி பிரிக்கலாம். இதை அப்படிச் செய்ய முடியாது.

வெளியே கொண்டுவந்தார்கள். கண்ணில் கட்டு. ஒரு வெளிச்சமும் இல்லாத அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. "ஏங்க, இருக்கியளா?" என்றாள். "இருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அவள் கேட்க, நான் இருக்கேன் என்று சொல்ல, இப்படியே பொழுது போனது.

நவம்பர் 17, வெள்ளி

கட்டுப் பிரித்தார்கள். டாக்டரம்மா விரலைக் காட்டினார், எழுத்துப் பலகையைக் காட்டினார். செண்பகம் படித்தாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. கோமு என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

நான் நம்பவில்லை. பலகையை மனப்பாடம் செய்கிறவளாயிற்றே. அவளுக்கு முன்னால் மூன்று பேர் அதே அறையில் சத்தமாகப் படித்தார்கள்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "எல்லாம் தெரியுதா?"

"தெரியுதுங்க" என்றாள், கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி. ஒன்றுமே தெரியாத நாளிலும் இதே குரலில்தான் தெரியுதுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரோட்டில் எதைக் காட்டிக் கேட்டாலும் அவள் சமாளித்துவிடுவாள். ஒவ்வொரு கடையும் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கேட்காமலே வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கோமு காபி போட உள்ளே போனாள். நான் பையைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். செண்பகம் ஹாலில் நின்றாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். ஜன்னலில் வெயில் இருந்தது. சத்தமே இல்லை. இவ்வளவு நேரம் என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"ஏங்க."

"என்னட்டி?"

"கிளி ஏன் நீலமா இருக்கு?"

ஒற்றைச் செருப்போடு அவள் பக்கத்தில் போனேன்.

"வானம் பச்சயா இருக்கு! கிளிக்கு நீலத்தப் பூசியிருக்கேன்! ஏங்க, இத்தன நாளா இது இப்பிடியா தொங்குது? ஊரே வந்து பாத்துட்டுப் போச்சே! ஜெசிந்தா நல்லாருக்குன்னு சொன்னாளே! பால்காரரு சொன்னாரே! ஒருத்தருக்குக் கூடவா வாய் இல்ல? நீங்க..." என்னைப் பார்த்தாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க என்னத்துக்கு இப்ப அழுதிய?"

நான் அழவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கோமு காபியோடு வந்து, அம்மாவைப் பார்த்து, என்னைப் பார்த்து, அவளும் ஆரம்பித்துவிட்டாள். செண்பகத்துக்குக் கோபம் இன்னும் அதிகமாகிவிட்டது. "ஆபரேசன் பண்ணது எனக்கு. நீங்க ரெண்டு பேரும் ஏன் கண்ணக் கசக்குதிய?"

அப்புறம் மண்ணெண்ணெய்யும் துணியும் கொண்டுவரச் சொன்னாள். துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டுமாம். கிளி என்றால் பச்சைதானாம். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டதை நான் இல்லை என்று சொன்னதில்லை. இன்று சொன்னேன்.

"அதத் தொடக் கூடாது."

"ஏன்?"

"நான் பாத்த கிளியிலயே அதுதான் நல்ல கிளி" என்றேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் கிளியைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள், கிட்டே போய்ப் பார்த்தாள். விரலால் தடவவில்லை.

"வாலு நல்லா வந்திருக்கு" என்றாள்.

டிசம்பர் 4, திங்கள்

டாக்டரம்மா வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டார். செண்பகம் காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெசிந்தா டீச்சரின் கிளிதான் முதலில். டீச்சர் வந்து, எனக்கு நீலம்தான் வேண்டும் என்று அடம் பிடித்துவிட்டுப் போனார். செண்பகம் பழைய பாதிப் பச்சையைத் துடைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே நீலத்தைத் திறந்தாள்.

கறுப்புக் கோடு இனிமேல் அவளே போடுவாளாம். நான் போட்ட தாமரையை இப்போதுதான் பார்த்தாளாம். தண்டவாளம் மாதிரி இருந்தால் போதுமா, தாமரை மாதிரி இருக்க வேண்டாமா என்று கேட்கிறாள். பதவி போய்விட்டது.

சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தேன். ஜன்னல் கட்டை காலி. பாட்டில்கள் மேசை பூராவும் கிடக்கின்றன. சிவப்பு ஒரு மூலையில், மஞ்சள் தட்டுக்குப் பக்கத்தில், கிளிப்பச்சை மூடி இல்லாமல், நீலம் அவள் மடியில். ஒன்றின் கழுத்திலும் நூல் இல்லை. பார்க்கப் பார்க்கக் கை துறுதுறுத்தது. இப்படி அலங்கோலமாக எவனாவது டிப்போவில் சாமானைப் போட்டிருந்தால் அன்றைக்கு அவன் பாடு அவ்வளவுதான்.

நான் ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை. சாப்பிட வா என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.